தெரியாது என்று சொல்லாத சாவிக்காரர்

கல் மறியலுக்கு முன்னால் நிறுத்தப்போகும் பலகைக்கு ஆறேழு வரி எழுதித் தரச் சொல்லிப் பிரதேச சபையில் கேட்டிருக்கிறார்கள். யார் கட்டியது, எதற்குக் கட்டியது, யாரை அடைத்து வைத்தார்கள், அவ்வளவுதான். நூலகத்தில் இருப்பவள் நான், எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். நானும் வெள்ளைத்தாளை முன்னால் வைத்துக்கொண்டு நாள்கணக்காக முழிக்கிறேன். ஒரு வரியை மனதுக்குள் சொல்லிப் பார்த்தால் போதும், அந்த மனிசனின் குரல் வந்து குறுக்கே நிற்கிறது. அது அப்படி இல்லை புள்ள என்று வேறொரு கதை தொடங்குகிறது. செத்துப் போயும் என்னை நிம்மதியாக இருக்க விடுகிறார் இல்லை.

சிறையை எங்கள் பக்கத்தில் மறியல் என்போம். வாவியின் மேற்கே, படுவான்கரையில், வயல்களுக்கு நடுவே இருக்கிற சின்னப் பட்டினம் எங்களுடையது. அதற்குக் கல்லால் கட்டிய ஒரு மறியல் எதற்கு என்பதே முதல் புதிர். தடித்த கருங்கல் சுவர், இரண்டு அறை, கை நுழையாத அளவுக்கு ஒரு சன்னல், பாதி ஓடும் பாதி தகரமுமாய்க் கூரை. நான் வேலைக்கு வந்த காலத்தில் சபை அதைச் சாமான் அறையாக வைத்திருந்தது. உடைந்த மேசை கதிரைகளும் கூடாரத் துணியும் நுளம்புக்குப் புகை அடிக்கும் மெசினும் உள்ளே கிடந்தன. நூலகமும் அதே வளவுக்குள்தான். என் மேசைக்குப் பக்கத்துச் சன்னலைத் திறந்தால் மறியல் வாசல். ஆகவே அவர் அந்த வாசலில் நின்று சொன்ன எல்லாவற்றையும், கேட்க விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நான் கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது.

அவர் சபையின் காவலாளி. மறியலின் சாவி அவரிடம் இருந்ததால் சாவி அண்ணன் என்று பெயராகிவிட்டது. நெட்டையான ஆள், கொஞ்சம் கூனல், சுத்தமான சாரம், பொத்தான் எல்லாம் பூட்டிய சேட். கதவைத் திறக்க முதல் தட்டுவார். ஒரு தரம் செருமுவார், பிறகு தட்டுவார், பிறகுதான் சாவியைப் போடுவார். உள்ளே வௌவாலைத் தவிர ஒரு சீவன் இல்லை. ஏன் தட்டுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். உள்ளுக்கு இருக்கிறவர்களுக்கு ஒரு மரியாதை என்றார். பார்க்க வந்தவர்கள் உள்ளே நிற்கும்வரை, பூட்டைக் கதவில் தொங்கவிடாமல் கையில் வைத்துக்கொண்டே வெளியில் நிற்பார். மறியலுக்குள் நிற்கிறவர்களுக்குப் பூட்டைக் கண்டால் நெஞ்சு திக்கென்னும் என்பார். இப்படியெல்லாம் நடக்கிற ஒரு மனிசனை வெறுக்கவும் முடியாது. நான் முயன்றும் பார்த்தேன்.

ஏன் வெறுக்கப் பார்த்தேன் என்றால், அவர் வாயில் 'தெரியாது' என்ற சொல் வராது. வரவே வராது. மறியலைப் பற்றி யாராவது கேட்டால் முதலில் அவர் ஒரு கேள்வி கேட்பார்: "நீங்க எவடம்?" எந்த ஊர் என்று கேட்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கேட்பது. ஊரைச் சொன்னவுடன் சற்று யோசிப்பார், தலையை ஆட்டுவார். "ஓம், அப்படித்தான்" என்று தொடங்கினால் அந்த ஊருக்கும் இந்த மறியலுக்கும் ஒரு தொடர்பு முளைத்துவிடும்.

காத்தான்குடியில் இருந்து புடைவை வியாபாரி ஒருவர் வந்தார். கதவு முதிரை மரம், உங்கள் ஊர்த் தச்சர்மார் தோணியில் கொண்டுவந்து பொருத்தியது, ஆணி ஒன்றுகூட இல்லை என்றார் இவர். ஆணி இருக்கிறது, நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்த வியாபாரி கதவை அவ்வளவு ஆசையாகத் தடவிப் பார்த்தார், அடுத்த முறை வரும்போது ஒரு சாரம் கொண்டுவந்து கொடுத்தார். புளியந்தீவில் இருந்து வெள்ளைக்காரச் சோடி ஒன்றை ஒருவர் கூட்டிவந்தார். ஒல்லாந்துக்காரராம். கோட்டை கட்டி மிஞ்சிய கல்லை வாவியால் ஏற்றிவந்து உங்கள் ஆட்கள்தான் கட்டினார்கள் என்று இவர் அவர்களுக்குச் சொன்னார். கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர் வந்தபோது அதே கல் பழைய கோயில் ஒன்றின் அடித்தளக் கல்லாகிவிட்டது. வண்ணக்கர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். வயல்காரர்கள் வந்தால் கதையே வேறு. இது கள்ளனையோ கொலைகாரனையோ போடக் கட்டியது இல்லை, ஊர் உறங்கும் நேரம் அடுத்த வட்டையின் வயல்களுக்குப் போகிற தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பினவனைப் போடக் கட்டியது. அறுவடை முடியும்வரை உள்ளே இருந்து, தன் வயல் காய்வதைச் சன்னலால் பார்க்க வேண்டுமாம். அந்தச் சன்னலால் பார்த்தால் நூலகத்தின் கக்கூசுதான் தெரியும். ஆனால் வயல்காரர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, இப்போதும் இரண்டு பேரைப் போடலாம் என்று சிரித்தார்கள்.

ஒருமுறை பாடசாலையில் கட்டுரைப் போட்டி வைத்தார்கள், 'எங்கள் ஊரின் கல் மறியல்' என்று. பிள்ளைகள் வேறு எங்கே போவார்கள்? வரிசையாக வந்து இவரிடம் கேட்டு எழுதினார்கள். ஒரு பிள்ளையின் கட்டுரையில் இருந்தது மற்றப் பிள்ளையின் கட்டுரையில் இல்லை. ஒன்றில் கண்டி அரசன், ஒன்றில் இங்கிலீசுக்காரன், ஒன்றில் மறியலே இல்லை, நெல் போடும் களஞ்சியம். ரீச்சர் கட்டுரைகளைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு என்னிடம் சண்டைக்கு வந்துவிட்டார், நூலகத்தில் இருந்துகொண்டு நான் என்ன பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேரே வாசலுக்குப் போனேன்.

"அண்ணன், தெரியாட்டித் தெரியாது எண்டு சொன்னா என்ன? வாய் வலிக்குமா?"

அவர் கோபப்படவில்லை. கையில் இருந்த பூட்டைப் பார்த்தார்.

"தெரியாது எண்டு சொல்லுறதுக்கு நான் எதுக்கு, புள்ள? அதைத்தான் இந்தப் பூட்டுச் சொல்லிக்கொண்டு கிடக்கே."

அது பெரிய ஞானமா, சுத்த மழுப்பலா? நான் புத்தகத்தோடு சீவிக்கிறவள். ஒரு கேள்விக்கு ஒரு பதில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இல்லை என்று எழுதி வைக்க வேண்டும். அவரோடு பேசிவிட்டு வந்தால் சோற்றில் கல் கடிபட்ட மாதிரி நாள் முழுக்க இருக்கும்.

அவர் ஏன் இப்படியானார் என்பதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. பிரச்சினைக் காலத்தில், அதுதான் யுத்தம் நடந்த வருசங்களில், துவக்கோடு வந்த ஆட்கள் ஊர் ஆம்பிளைகளை வரிசையாக நிறுத்தி, ஒரு பொடியனைக் காட்டி, இவனைத் தெரியுமா என்று இவரிடம் கேட்டார்களாம். பயத்தில் தெரியாது என்றாராம். அந்தப் பொடியனை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றோடு அந்தச் சொல் அவர் வாயை விட்டுப் போய்விட்டதாம். இதைக் கேட்ட அன்று, இவ்வளவு நாளும் இந்த மனிசனோடு முறைத்தேனே என்று எனக்கு அழுகை வந்தது. மனம் கேளாமல் அவர் மனைவியிடம் மெல்லக் கதை கொடுத்தேன். மனிசி விழுந்து விழுந்து சிரித்தார்.

"அவர் பொண்ணு பாக்க வந்த அண்டைக்கே இப்பிடித்தான், புள்ள. தோணி தள்ளத் தெரியுமா, தென்னை ஏறத் தெரியுமா எண்டு எங்கட அப்பா கேட்டார். எல்லாத்துக்கும் ஓம். மறுகா பாத்தா ஒண்டுமே தெரியாது."

அப்போது எதை நம்புவது? என் அழுகையை நான் எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

இந்த மறியலும் அந்தக் காலத்தில் சும்மா கிடக்கவில்லை. ஊர் யார் கையில் இருந்ததோ அவர்கள் இதற்குள் ஆட்களைப் போட்டார்கள். கை மாற மாற, உள்ளே கிடந்தவர்களும் மாறினார்கள். யார் யாரைக் கொண்டுவந்தார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று ஒரு விபரமும் இல்லை. அப்போதும் சாவி தன்னிடம்தான் இருந்தது என்பார் இவர். பூட்டை உடைத்து அவர்கள் தங்கள் பூட்டைப் போட்டார்கள், இவர் அந்த நேரம் மனைவியின் ஊரில் ஒளிந்திருந்தார் என்பார்கள் மற்றவர்கள்.

ஒரு மாரி முடிந்த சமயம், வாவிக்கு அக்கரைக் கிராமம் ஒன்றில் இருந்து ஓர் அம்மா வந்தார். மகனை மாட்டுப் பட்டியில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். தேடாத முகாம் இல்லை, கொடுக்காத மனு இல்லை. கடைசியாக யாரோ கல் மறியலைச் சொல்லியிருக்கிறார்கள். என் மகன் இங்கே இருந்தவனா என்று கேட்டார். சன்னலுக்குப் பின்னால் நான் எழுதுவதை நிறுத்தினேன். கடவுளே, இந்த ஒருவருக்காவது இந்த மனிசன் தெரியாது என்று சொல்லட்டும் என்று வேண்டினேன்.

"நீங்க எவடம்?" என்று கேட்டார் அவர்.

செருமினார், தட்டினார், திறந்தார். அந்த அம்மா உள்ளே போனார். அவர் பூட்டோடு வெளியில் நின்றார். வெகு நேரம் கழித்து அந்த அம்மா உள்ளே இருந்து சாவி அண்ணனைக் கூப்பிட்டார். அந்த அம்மா வெளியே வந்தபோது முகம் வேறு முகம். என்னிடம் வந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார். "கீறி வெச்சிருக்கான், மகள்" என்றார். "எங்கட குறி."

அந்த அம்மா போன பிறகு நான் போய்ப் பார்த்தேன். கதிரைகளுக்குப் பின்னால், நெஞ்சளவு உயரத்தில் ஒரு கல். அதில் ஓர் அரைவட்டம், நடுவால் இறங்கும் ஒரு கோடு, அடியில் ஒரு புள்ளி. எங்கள் பக்கத்தில் மாட்டுக்குக் குறி சுடும்போது குடியின் அடையாளத்தைப் போடுவார்கள். குடி என்பது தாய்வழியாக வருவது, தமிழருக்கும் அப்படித்தான், முஸ்லிம்களுக்கும் அப்படித்தான். ஆகவே பிள்ளையின் குறி தாயின் குறிதான். ஆனால் இரும்புக் கம்பியை வளைத்துச் செய்கிற குறி அது. அரைவட்டமும் கோடும் எத்தனையோ குடிகளுக்கு உண்டு. மேசன் கீறியிருக்கலாம், விளையாட வந்த பிள்ளை கீறியிருக்கலாம்.

அந்த அம்மாவின் மகனை உண்மையில் கண்டீர்களா என்று சாவி அண்ணனிடம் கேட்டேன்.

"அவ குறியைக் கண்டா, புள்ள. நான் ஓம் எண்டன்."

"அது பொய்யா இருந்தா?"

"மெய்யா இருந்தா?" என்றார். சொல்லிவிட்டுச் சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு தேத்தண்ணிக் கடைக்குப் போய்விட்டார். ஒரு தாயோடு விளையாடுகிற மனிசன் என்று அன்றைக்கு மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். ஆனால் அந்த அம்மா ஒவ்வொரு வருசமும் வந்தார். ஒவ்வொரு வருசமும் கொஞ்சம் தேறிய முகத்தோடு வந்தார். நான் யாரைத் திட்டுவது?

சாவி அண்ணன் போனது ஒரு சாதாரண நாளில், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழும்பவில்லை. பக்கத்தில் இருப்பவள் என்று சாவியை என்னிடம் தந்தார்கள். முதல் நாள் கதவைத் திறக்கப் போனபோது என் கை தானாகத் தட்டியது. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

அந்த வருசம் நோன்புக்குச் சற்று முன்னால் ஏறாவூரில் இருந்து ஒரு வயதான உம்மா வந்தார். நான் ஒருநாளும் கண்டதில்லை. நூலகம் பூட்டியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போவாராம். சாவி அண்ணன் எங்கே என்று கேட்டார். மௌத்தாகிவிட்டார் என்றதும் முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு துஆ ஓதினார். நல்ல மனிசன், மகன் இருந்த இடத்தைக் காட்டித் தந்த மனிசன் என்றார். எனக்கு விளங்கவில்லை. கதவைத் திறந்துவிட்டேன். கதிரைகளைத் தாண்டி நேரே அந்தக் கல்லுக்குப் போனார். அரைவட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். மாட்டு வியாபாரத்துக்குப் போன பிள்ளையை வழியில் மறித்துக்கொண்டு போனார்களாம். இது எங்கட குடிக் குறி, மகள் என்றார். ஒரே கல், ஒரே கீறல், இரண்டு தாய்மார். இரண்டு பேருக்கும் அந்த மனிசன் ஓம் என்றிருக்கிறார். பாவி மனிசா, நீ செத்துப்போனாய், நான் என்ன செய்யட்டும் என்று அந்த இருட்டுக்குள் நின்றேன்.

அதன் பிறகு இவர்கள் இரண்டு பேரும் சந்தித்துவிடக் கூடாது என்பதே என் பயமாகிவிட்டது. ஒருவர் சொல்வது உண்மையென்றால் மற்றவருக்கு ஒன்றும் இல்லை. கடைசியில் இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லாமல் போகும்.

இந்த வருசம் மறியலைத் திருத்திச் சனங்கள் வந்து பார்க்கிற இடமாக்க முடிவெடுத்தார்கள். சாமான்களை அகற்றி, உள்சுவரைச் சீமெந்தால் பூசி, வெள்ளை அடித்து, வெளியில் பலகை. கதை எப்படியோ பரவிவிட்டது. சுவரைப் பூச விடக் கூடாது என்று கேட்பதற்காக இரண்டு பேருமே புறப்பட்டு வந்தார்கள். ஒரே காலையில், வாவியைக் கடக்கிற அதே படகில், பக்கத்தில் பக்கத்தில் இருந்து வந்திருக்கிறார்கள். வழியில் வெற்றிலையும் பகிர்ந்திருக்கிறார்கள். எங்கே போகிறீர்கள் என்று மட்டும் ஒருவரையொருவர் கேட்கவில்லை.

இரண்டு பேரும் சேர்ந்து என் வாசலுக்கு வந்தபோது ஏதாவது சாட்டுச் சொல்லி ஒருவரைத் திருப்பி அனுப்பலாமா என்று பார்த்தேன். சாவியைக் காணவில்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். சாவி மேசைமேல் கிடந்தது. திறந்தேன். இரண்டு பேரும் உள்ளே போனார்கள், ஒரே பக்கமாக நடந்தார்கள், ஒரே கல்லுக்குக் கையை நீட்டினார்கள். அப்படியே நின்றார்கள். பூட்டு என் கையில் இருந்தது. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

உம்மாதான் முதலில் கேட்டார். "உங்களுக்கும் அவர்தான் காட்டினவரா, தங்கச்சி?"

"ஓங்கா" என்று தலையை ஆட்டினார் அந்த அம்மா.

இரண்டு பேரும் கல்லைப் பார்த்தார்கள். அம்மாவின் விரல் கோட்டின் வழியே இறங்கிப் புள்ளியில் நின்றது. இனி என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள், கேட்பார்கள், நான் சொல்ல வேண்டி வரும் என்று நினைத்தேன். அவர்கள் திரும்பவில்லை.

"அப்ப ரெண்டு பேரும் ஒண்டாத்தான் இருந்திருக்கானுகள், அக்கா" என்றார் அந்த அம்மா.

உம்மா கல்லில் மறுபடியும் உள்ளங்கையை வைத்தார். பிறகு சொன்னார்: "எண்ட மகன் தனிய இருக்கப் பயப்புடுவான்."

நான் வெளியில் வந்துவிட்டேன். எனக்குத் தெரியும், கணக்கு ஒத்துவராது. உம்மாவின் மகன் போனது பிரச்சினையின் தொடக்கத்தில். அம்மாவின் மகன் போனது சுனாமிக்கும் பிறகு. பிடித்தவர்களும் ஒரே ஆட்கள் இல்லை. ஒருவன் இந்த அறையில் இருந்திருந்தால் மற்றவன் அப்போது தாயின் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்திருப்பான். இவ்வளவும் அவர்களுக்கும் தெரியாமல் இருக்காது, பெற்றவர்கள் அல்லவா? தெரிந்தும் சொன்னார்களா? அல்லது அந்த இருட்டுக்குள் வருசங்கள் எல்லாம் ஒன்றாகிவிடுமா? போகும்போது உம்மாவின் கையை அம்மா பிடித்துக்கொண்டு போனார். சுவரைப் பூச விடாதே மகள் என்று இரண்டு பேரும் என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். சாவி என்னிடம்தானே.

போன கிழமை வேலை தொடங்கியது. மேற்பார்வைக்கு வந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் சின்ன வயதுப் பொடியன், நல்ல மரியாதையான பிள்ளை. அந்தக் கல்லைப் பூசாமல் விடச் சொல்லிச் சபையில் நான் கொடுத்திருந்த கோரிக்கையைப் பற்றி அவனிடம் சொன்னேன். ஒரு கல்லை மட்டும் பூசாமல் விடுவதற்குக் காரணம் வேண்டும் என்றான். முதல் அறையின் சுவர் ஏற்கனவே பூசி முடிந்து ஈரத்தில் மினுங்கியது. இரண்டாவது அறையில் மேசன் சாந்தைக் குழைத்துக்கொண்டு நின்றார். பொடியன் அளவு நாடாவோடு வந்து அந்தக் கீறலைக் குனிந்து பார்த்தான்.

"இது ஆர் கீறினது எண்டு தெரியுமா, மிஸ்? தெரியாட்டிப் பூசிப்போடுவம்."

தெரியாது. அதுதான் உண்மை. வாழ்நாள் முழுக்க அந்தச் சொல்லைச் சொல்ல வெட்கப்படாதவள் நான், அதைச் சொல்லாத மனிசனோடு சண்டை பிடித்தவள். அதைச் சொல்லத்தான் வாய் திறந்தேன்.

"தம்பி எவடம்?" என்று கேட்டேன்.

"கல்குடா."

"இஞ்ச எல்லா இடத்திலயும் இருந்து புள்ளையளக் கொண்டு வந்து வெச்சிருந்தவங்க, தம்பி" என்றேன். "அந்தப் புள்ளையள்தான் கீறினது."

அவன் நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் வைத்தான். அரைவட்டத்தில் விரலை வைத்தான். எங்கட பெரியமாமா ஒராள் என்று தொடங்கினான், முடிக்கவில்லை. மேசனைப் பார்த்து, இந்தக் கல்லை விட்டுவிட்டு மற்றதைப் பூசுங்கள் என்றான். மேசன் கரண்டியைச் சட்டிக்குள் போட்டுவிட்டு வெளியே போனார். பொடியன் போகவில்லை. சுவரைப் பார்த்தபடியே கேட்டான்:

"கல்குடாப் பக்கம் இருந்தும் கொண்டு வந்தவங்களா, மிஸ்?"

எனக்கு அது தெரியாது. யாருக்கும் தெரியாது.

"ஓம், தம்பி" என்றேன்.